பிடிவாதக் கேப்பு

நம் தோட்டத்து வீடுகளில் பித்தளைக்கு என்றைக்கும் ஒரு தனி மரியாதை உண்டு. சாமி மேடையில் எரிகிற குத்துவிளக்கு பித்தளை. பாட்டி சீதனமாகக் கொண்டு வந்த குடம் பித்தளை. தைப்பூசத்துக்கு முதல் நாள் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைத்தால், லயத்து வாசலே பளபளக்கும்.

இதே பித்தளையில் செய்த இன்னொரு சாமானும் ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் புழங்கியது. அதை யாரும் சாமி மேடையில் வைத்ததில்லை. வெடித்து முடிந்த தோட்டாவின் காலிக் கூடுதான் அது. அந்தக் கூட்டின் அடியில், நட்ட நடுவில், சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு மூடி இருக்கும். ஆங்கிலத்தில் அதைப் பிரைமர் என்பார்கள். எங்கள் தாத்தா ‘கேப்பு’ என்பார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். வெடித்த கூட்டை மறுபடி மருந்து நிரப்பிப் பயன்படுத்த வேண்டுமென்றால், முதல் வேலை அந்தப் பழைய கேப்பைக் கழற்றுவது. சில கேப்புகள் தட்டினால் உதிர்ந்துவிடும். சில கேப்புகள் என்ன செய்தாலும் அசையாமல் பிடிவாதம் பிடிக்கும்.

“தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு இதென்ன வேண்டாத வேலை?” என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. இப்படி ஒரு பிடிவாதக் கேப்பினால் நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் கண்ணை இழந்தார். அவர் தாத்தாவின் சிநேகிதர். அந்தக் கதையைத் தாத்தாவின் வாயால் நான் கேட்டது தோட்டத்தில் அல்ல, சிங்கப்பூரில், காத்தோங்கில்.

என் அத்தை சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டவர். கடலைத் தூர்த்து எழுப்பிய மரின் பரேட் அடுக்குமாடியில் அவர்களுக்கு வீடு. பாட்டி காலமான பிறகு தாத்தா அங்கே போய்விட்டார். பள்ளி விடுமுறை விட்டால் நானும் ஜோகூரிலிருந்து பஸ் ஏறிவிடுவேன். காலையில் சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயில். மாலையில் காத்தோங் பூங்கா வரை நடை. நடந்துகொண்டே தாத்தா பேசுவார். வீட்டுக்கு வந்ததும், கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் படம் போட்டுக் காட்டுவார். அவரிடம் காலிக் கூடு ஒன்றுகூட இருந்ததில்லை. “அதெல்லாம் வீட்டுல வெச்சுக்கிற சாமான் இல்லப்பா” என்பார். நான் கற்றதெல்லாம் அந்தப் பென்சில் படத்தில்தான்.

முதலில் கேப்பு என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். விசையை இழுத்தால், துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி கேப்பின் முதுகில் ‘டக்’ என்று குத்தும். கேப்புக்குள் அடித்தால் தீப்பிடிக்கும் மருந்து துளியூண்டு இருக்கும். உள்ளே கொல்லன் பட்டறை அடைகல்லைப் போல ஒரு சின்னக் கூர்முனை உண்டு. ஊசிக்கும் அந்த அடைகல்லுக்கும் நடுவே மருந்து நசுங்கிப் பொறி பறக்கும். பொறி ஒரு சிறு துளை வழியாக உள்ளே போய், கூட்டிலுள்ள பெரிய மருந்தைப் பற்ற வைக்கும். தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டு வெடியும் கிட்டத்தட்ட இதே குடும்பம்தான். அடித்தால் தீ.

அடித்துத் தீ உண்டாக்கும் இந்த யோசனையைத் துப்பாக்கிக்குக் கொண்டு வந்தவர் யார் தெரியுமா? ஒரு பாதிரியார்! ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்பவர். அதுவரை சிக்கிமுக்கிக் கல் உரசி வரும் பொறியால்தான் மருந்தைக் கொளுத்தினார்கள். பாதிரியாருக்கு வாத்து வேட்டையில் பிரியம். கல் உரசும் மின்னலைக் கண்டதுமே வாத்துகள் பறந்துவிட்டனவாம். அந்த எரிச்சலில் யோசித்து, 1807-இல் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகும் தோட்டா நெடுங்காலம் காகிதத்தில்தான் சுற்றப்பட்டது. 1857-இல் சிப்பாய்கள் கடிக்க மறுத்தார்களே, அது கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டாதான்.

பித்தளைக் கூடு வந்தபோது இரண்டு விதக் கேப்புகள் வந்தன. இரண்டும் 1866-ஆம் ஆண்டை ஒட்டியவை. ஒன்று அமெரிக்கரான பெர்டன் செய்தது. மற்றது இங்கிலாந்து ராணுவ அதிகாரி பாக்ஸர் செய்தது. பாக்ஸர் முறையில் அடைகல் கேப்புக்குள்ளேயே இருக்கும். கூட்டின் அடியில், சரியாக நடுவில், ஒரே ஒரு துளை. உள்பக்கமாக ஒரு கம்பியை விட்டு அழுத்தினால் பழைய கேப்பு வெளியே விழுந்துவிடும். பெர்டன் முறையில் அடைகல் கூட்டோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். அதன் இரு பக்கமும் இரண்டு பொடித் துளைகள். நடுவில் கம்பியை விட்டால் அடைகல்லில்தான் முட்டும். பிடிவாதத்தின் முதல் காரணம் இதுவே. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்கர் கண்டுபிடித்த முறை ஐரோப்பாவில் பரவியது. ஆங்கிலேயர் கண்டுபிடித்த முறை அமெரிக்காவில் நிலைத்தது. காலிக் கூட்டை மறுபடி நிரப்பிச் சுடுகிற பழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியதற்கு, சுலபமாகக் கழன்று வரும் அந்தக் கேப்பும் ஒரு காரணம்.

இனித் தாத்தாவின் கதைக்கு வருவோம். ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய காலம். தாத்தா விடலைப் பையன். துரை பங்களாவில் எடுபிடி வேலை. பங்களாச் சமையற்காரரின் மகனும் அவரும் ஒரே வயது, ஒன்றாகவே திரிவார்கள். துரைக்கு ஞாயிறு தவறாமல் வேட்டை. காட்டுப்பன்றி, புறா, வௌவால் எதையும் விடமாட்டார். அவருடைய ரவைத் துப்பாக்கிக்குப் பித்தளைத் தோட்டாக்கள். கூடுகளை எறிய மாட்டார்கள். திரும்பத் திரும்ப நிரப்புவார்கள். மருந்தும் ரவையும் போடுவது துரையின் கை. பழைய கேப்பைக் கழற்றுவதும் கூட்டைக் கழுவிக் காயவைப்பதும் இந்த இரண்டு பையன்களின் வேலை. ஒரு டின் கூடு முடித்தால் சில்லறைக் காசு கிடைக்கும். அந்தக் கூடுகளெல்லாம் அடைகல்லோடு வார்த்தவை. கம்பி விட்டுக் கழற்ற வழியில்லை.

கேப்பு ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது? தாத்தா நாட்காட்டித் தாளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியே காட்டினார்.

ஒன்று, வெடிக்கும்போது வரும் அழுத்தத்தில் கேப்பு விரிந்து, தன் குழியின் சுவரோடு இறுகிவிடும். கழுத்து வரை அரிசி ஊறிய பானையின் மூடி எப்படித் திறக்க மறுக்குமோ, அப்படி.

இரண்டு, உப்பு. அந்தக் காலத்துக் கேப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் கலந்திருக்கும். நம் சிவகாசித் தீக்குச்சியின் தலையில் இருக்கும் அதே சரக்குதான். எரிந்த பிறகு அது ஒருவகை உப்பாக மாறி உள்ளே படியும். மழைக்காலத்தில் நம் அடுப்படி உப்பு ஜாடி நீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த உப்பும் அப்படியே காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். நான்கு நாளில் பித்தளையில் பச்சைக் களிம்பு பூக்கும். துப்பாக்கிக் குழாயில் துரு ஏறும். 1920-களின் கடைசியில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் துருப்பிடிக்கச் செய்யாத கேப்புகள் வந்துவிட்டன. நம் தோட்டத்துக்கு வந்தவை பழைய சரக்கு.

மூன்று, ராணுவத் தோட்டா என்றால் இன்னொரு கட்டும் உண்டு. இயந்திரத் துப்பாக்கியின் அதிர்ச்சியில் கேப்பு நழுவிவிடக் கூடாதே என்று, அதைச் சுற்றிப் பித்தளையை அழுத்தி நசுக்கிப் பூட்டிவிடுவார்கள். ஈரம் புகாமலிருக்க மேலே வார்னிஷும் பூசுவார்கள். அதைக் கழற்றுவது தாழ்ப்பாள் போட்ட கதவைத் தள்ளுவது மாதிரி.

இதற்குத் தாத்தா கண்ட மருந்து அவசரப்படாமல் இருப்பதுதான். சுட்ட அன்றே கூட்டை வெந்நீரில் போட்டு அலசிவிட வேண்டும். உப்பு தண்ணீரில் கரைந்துபோகும், களிம்பு பிடிக்காது. பாதிப் பிடிவாதம் இதிலேயே ஒழிந்துவிடும். பழைய கூடாயிருந்தால் கேப்பைச் சுற்றி ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைப்பார்கள். மறுநாள் தண்ணீர் வைத்தியம்.

தண்ணீர் வைத்தியம் என்பது இதுதான். கூட்டில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுவார்கள். அதன் வாய்க்குச் சரியாகப் பொருந்தும்படி கொய்யாக் கட்டையைச் செதுக்கி, நுனியில் கொழுப்புத் தடவிய துணியைச் சுற்றி வைத்திருப்பார்கள். கூட்டை, நடுவில் ஓட்டையிட்ட பலகைமேல் நிறுத்தி, கட்டையை வாயில் செருகி, மரச் சுத்தியால் ஒரே ஒரு தட்டு. ‘டொப்’ என்று சத்தம் கேட்கும். கேப்பு ஓட்டை வழியே கீழே விழும். அடித்தவரின் முகமெல்லாம் கறுப்புத் தண்ணீர்!

எனக்குச் சிறுவயதில் இது மாயவித்தையாகப் பட்டது. காத்தோங் வீட்டு அடுப்படியில் தாத்தா அதை விளக்கினார். மருந்துக்கடையில் வாங்கிய ஊசியில்லாத பீச்சுக்குழல் ஒன்றை எடுத்தார். அத்தை பிசைந்து வைத்திருந்த சப்பாத்தி மாவில் கொஞ்சம் கிள்ளி அதன் மூக்கை அடைத்தார். காற்றை வைத்து அழுத்தச் சொன்னார்; குழல் பஞ்சுபோல அமுங்கியது, மாவு சுலபத்தில் நகரவில்லை. தண்ணீர் நிரப்பி அழுத்தச் சொன்னார். தொட்டவுடன் மாவு தெறித்து அத்தையின் சேலையில் ஒட்டியது. அத்தை போட்ட சத்தம் இன்றும் காதில் இருக்கிறது.

தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. அடைபட்ட தண்ணீரை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்து அறிஞர் பாஸ்கல் சொன்ன விதி இது. பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அந்த விதியைப் படித்தபோது, எனக்கு அத்தையின் சேலைதான் நினைவுக்கு வந்தது. லாரியின் பிரேக் பிடிப்பதும், ஆலையில் ஜாக்கி தூக்குவதும் இதே விதியில்தான். இரண்டு பொடித் துளைகள் வழியாகக் கேப்பின் அடிக்குப் போன தண்ணீர், அதைச் சுற்றிலும் சமமாக நெம்புகிறது. அடைகல் உடைவதில்லை, கூடு கோணுவதில்லை.

பித்தளையைப் பற்றித் துரை போட்ட ஓர் உத்தரவையும் தாத்தா சொல்வார்: கூடுகளைப் பால் ஸ்டோர் பக்கம் கொண்டு போகக் கூடாது. பால் உறையாமலிருக்க நம்மவர்கள் அமோனியா ஊற்றுவார்கள் அல்லவா? கண்ணைக் கரிக்கும் அந்த ஆவிதான் பித்தளைக்கு எமன். வெள்ளைக்காரப் பட்டாளம் இந்தியாவில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்கள் சுடாமலே விரிசல் கண்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியாவும், செய்யும்போதே பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும், மழை ஈரமும் சேர்ந்துதான் காரணம் என்று 1921-இல் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் விளக்கி எழுதினார்கள். வெளியே பளபளப்பாக இருக்கும் பித்தளை உள்ளே கீறல் விட்டிருக்கலாம்.

வாசகர்களே, இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

ஒரு ஞாயிறு வேட்டையில் துரையின் தோட்டாக்களில் இரண்டு வெடிக்கவில்லை. ஊசி குத்தியது; கேப்பில் பள்ளம் விழுந்தது; ஆனால் தீப்பிடிக்கவில்லை. துரை ரவையையும் மருந்தையும் கொட்டிவிட்டு, அந்த இரண்டு கூடுகளையும் வெடித்த கூடுகள் இருந்த டின்னிலேயே போட்டுவிட்டார். பையன்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேப்பில் பள்ளம் இருந்தால் அது வெடித்து முடிந்தது என்றுதான் பையன்கள் நம்பியிருந்தார்கள். யாரும் வேறுவிதமாகச் சொல்லித் தந்ததில்லை.

மறுநாள் மற்ற கேப்புகளெல்லாம் தண்ணீர் வைத்தியத்துக்கு மசிந்தன. ஒன்று மட்டும் அசையவில்லை. பெரட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சமையற்காரரின் மகன் ஓர் ஆணியை எடுத்தார். கேப்பின் விளிம்பில் வைத்து நெம்பப் பார்த்தார்; பிறகு சுத்தியால் ஓர் அடி அடித்தார். ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறியது, தண்ணீரில் நனைந்தது என்பதால் கேப்பு மருந்து செத்துவிடாது. அடி விழுந்ததும் அது தன் வேலையைச் செய்தது. பித்தளைத் துணுக்கு ஒன்று அவருடைய வலது கண்ணில் பாய்ந்தது. கட்டைவிரல் நுனியும் போயிற்று.

துரை காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். செலவையும் கொடுத்தார். கண்ணுக்கு விலை கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் கேட்பார் யார்?

ஒரு கண் போனால் என்ன, இன்னொரு கண் இருக்கிறதே என்று பட்டணத்துக்காரர் நினைக்கலாம். பால் வெட்டுகிறவர்களுக்குத் தெரியும். மரப்பட்டையின் உள்பக்கத்தில்தான் பால் நாளங்கள் நெருக்கமாக இருக்கின்றன. மேலோடு வெட்டினால் பால் குறையும். ஆழ வெட்டினால் உள்ளிருக்கும் பச்சைப் படலத்தில் கத்தி பட்டு, மரம் காயம்பட்டு முண்டும் முடிச்சுமாய்ப் போய்விடும். நடுவே விட வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டர் சொச்சம். தூரத்தையும் ஆழத்தையும் கண்டுகொள்ள நமக்கு இரண்டு கண் வேண்டியிருக்கிறது. ஊசியில் நூல் கோக்கும்போது ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், புரியும். அவர் வெட்டின மரமெல்லாம் காயம். தண்டல் கத்தினார், கிராணி பெயரை அடித்தார். கடைசியில் புல்வெட்டுக்குத் தள்ளினார்கள். சம்பளம் குறைவு. சாகும்வரை அவர் புல்வெட்டுதான்.

1943 பிறந்தது. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அந்த ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி சிங்கப்பூர் வந்து இறங்கினார். ஜூலை 5-ஆம் தேதி பாடாங் திடலில் “டில்லி சலோ” முழக்கம் எழுந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அக்டோபரில் ஜான்சி ராணிப் படையின் முகாம் சிங்கப்பூரில் திறக்கப்பட்டபோது, பால் வாளி தூக்கிய நம் பெண்களும் துப்பாக்கி தூக்கினார்கள். தாத்தாவும் சிநேகிதரும் சேர்ந்தே பெயர் கொடுக்கப் போனார்கள். தாத்தாவை எடுத்துக்கொண்டார்கள். சிநேகிதரைக் கண்ணைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குறி வைக்க வேண்டிய கண்ணல்லவா போய்விட்டது!

முகாமில் தாத்தாவுக்குக் கிடைத்தது வெள்ளைக்காரன் விட்டுப்போன ‘த்ரீ நாட் த்ரீ’ ரைபிள். தோட்டாக்களும் அவன் விட்டுப்போனவைதான். சிலவற்றின் அடியில் கே, எஃப் என்ற எழுத்துகளைப் பார்த்ததாகச் சொல்வார். அது பூனாவுக்கு அருகேயுள்ள கிர்க்கித் தொழிற்சாலையின் முத்திரை. இந்தியத் தொழிலாளி செய்த தோட்டாவை, இந்திய விடுதலைக்காக, சிங்கப்பூரில் வைத்து ஒரு தோட்டத்துப் பையன் சுட்டுப் பழகினான்! தோட்டா சிக்கனம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் கணக்கு. பயிற்சி முடிந்ததும் காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும். வெடிக்காத தோட்டாவைத் தொடாமல் அதிகாரியைக் கூப்பிட வேண்டும். அந்த ஒழுங்கைக் கண்டபோதுதான் தாத்தாவுக்குத் துரை பங்களாவின் தகர டின் நினைவுக்கு வந்ததாம். “இத ஒரு வார்த்த அங்க சொல்லியிருந்தா, அவன் கண்ணு இருந்திருக்குமேப்பா” என்பார். பிறகு கொஞ்ச தூரம் பேசாமல் நடப்பார்.

நாங்கள் நடந்த வழியும் சாமானியமானதல்ல. நேதாஜி சிங்கப்பூரில் தங்கியிருந்த கடலோர பங்களா, காத்தோங்கின் மேயர் ரோட்டில்தான் இருந்தது. ஒருமுறை லாரியில் போகும்போது வெளியிலிருந்து அதைப் பார்த்திருக்கிறார் தாத்தா. அந்தத் தெருவில் இன்று வானைத் தொடும் அடுக்குமாடிகள். கடலும் அங்கே இல்லை. 1966-இல் தொடங்கிய தூர்ப்பு வேலையில் அது தள்ளிப் போய்விட்டது. 2024-இல் காத்தோங் பூங்காவுக்கு ரயில் நிலையமே வந்துவிட்டது.

அந்தப் பூங்காவுக்கு அடியில் ஒரு கோட்டை புதைந்திருக்கிறது. துறைமுகத்தின் கிழக்கு வாயிலைக் காக்க, 1879 வாக்கில் வெள்ளைக்காரர்கள் கட்டிய தஞ்சோங் காத்தோங் கோட்டை அது. கடல் மணலில் கட்டியதால் சுவர்கள் நிலைகொள்ளாமல் தொல்லை கொடுத்தன. ‘வாஷ் அவுட் கோட்டை’ என்று ஊர் கேலி செய்தது. பிறகு கைவிட்டு மண்ணை மூடினார்கள். தாத்தாவும் நானும் எத்தனையோ மாலை அதன் தலைமேல் நடந்திருக்கிறோம், எங்களுக்குத் தெரியாது. 2001-இல் புல்தரையில் அதன் சுவர்க்கோடு கண்ணுக்குப் பட்டது. 2004-இல் முறையாகத் தோண்டிப் பார்த்தார்கள். தாத்தா அதற்கு முன்பே, 1999-இல் கண்ணை மூடிவிட்டார்.

மண் எதையும் சீக்கிரம் மறப்பதில்லை. 2023 செப்டம்பரில் சிங்கப்பூரின் அப்பர் புக்கிட் தீமா பகுதியில், கட்டட வேலைக்குத் தோண்டிய இடத்தில், சண்டைக் காலத்து வெடிகுண்டு ஒன்று கிடைத்தது. எடை 100 கிலோ. சுற்றிலும் குடியிருந்த 4,000-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றிவிட்டு, 26-ஆம் தேதி ராணுவ நிபுணர்கள் அதை அங்கேயே வெடிக்க வைத்தார்கள். எண்பது வருஷம் மண்ணில் கிடந்தும் அதன் விஷம் செத்துவிட்டது என்று யாரும் நம்பத் தயாராயில்லை. அதுதான் புத்திசாலித்தனம்.

குண்டுக்கு உள்ள நியாயம் கேப்புக்கும் உண்டு. நம் தோட்டங்களும் ஜப்பான் சண்டையைப் பார்த்தவை. பிறகு 1948 முதல் 1960 வரை அவசரகாலத்தையும் பார்த்தவை. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டு, கான் வெட்டி, ரோடு போட்டு, மண்ணைப் புரட்டிக்கொண்டே இருக்கிறோம். சில வருஷங்களுக்கு முன் எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், திடலோரக் கானில் கிடைத்தது என்று பச்சைக் களிம்பேறிய ஒரு பித்தளைக் கூட்டைப் பென்சில் பெட்டியில் வைத்திருந்தான். காம்பஸ் முனையால் அதன் அடியைக் குடைந்துகொண்டிருந்தான். “என்ன தம்பி அது?” என்றேன். “காலிப் பெலூரு ஐயா, உள்ள ஒண்ணும் இல்ல. பொத்தான் மட்டும் வரமாட்டேங்குது” என்றான்.

எனக்கு அடிவயிறு கலங்கியது. சத்தம் போடவில்லை. கையை மெதுவாக எடுக்கச் சொல்லி, கூட்டைத் திடலில் தனியாக வைக்கச் சொல்லி, பிள்ளைகளை மறுபக்கம் அழைத்துப் போனேன். தலைமையாசிரியர் போலீசுக்குத் தகவல் கொடுத்தார். அவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். வெடித்த கேப்பா, வெடிக்காத கேப்பா என்று எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மறுநாள் கரும்பலகையில் தாத்தாவின் நாட்காட்டிப் படத்தை அப்படியே வரைந்து, அந்த வகுப்புக்குச் சமையற்காரர் மகனின் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பார்த்தார்கள். எத்தனையோ பாடம் நடத்தியிருக்கிறேன். அன்றைய பாடம்போல் எதுவும் அவர்கள் மனத்தில் தங்கவில்லை.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. நம் மலேசியாவில் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது குற்றம். சிங்கப்பூரில் 1973-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமை. உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 வருஷம் வரை சிறை. ஆறு பிரம்படிக்குக் குறையாது. அங்கே தேசிய சேவைக்குப் போன என் அத்தை மகன் சொல்வான்: சுடும் பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவரும் நிமிர்ந்து நின்று, தங்களிடம் தோட்டாவோ அதன் எந்தப் பாகமோ இல்லை என்று உரக்க அறிவித்த பிறகே திடலை விட்டு நகரலாமாம். தாத்தாவின் முகாமில் கூடுகளை எண்ணி ஒப்படைத்ததற்கு இது பேரப்பிள்ளைக் காலத்து வடிவம். கேப்பு கழற்றுவதெல்லாம் உரிமம் பெற்று, அதற்கென்ற கருவியும் கண்ணாடியும் பயிற்சியும் உள்ளவர்கள், சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் செய்கிற வேலை. நம் வீட்டு அடுப்படி வேலையல்ல.

எனவே பெற்றோர்களே, ஒன்றிரண்டு விஷயங்களைப் பிள்ளைகள் காதில் போட்டு வையுங்கள். மண்ணில் கிடைக்கும் பித்தளைக் கூட்டைக் கையில் எடுக்காதே. அடியில் பள்ளம் இருந்தாலும் அது வெடித்து முடிந்ததற்குச் சாட்சியல்ல. குத்துப்பட்டும் வெடிக்காத கேப்பு உண்டு. களிம்பேறியது, நனைந்தது, பழையது என்பதால் அது செத்தது என்று நினைக்காதே. ஆணி, காம்பஸ், கத்தி எதையும் அதில் வைக்காதே. இடத்துக்கு அடையாளம் வைத்துவிட்டுப் பெரியவர்களிடம் சொல். பெரியவர்களே, நீங்கள் 999-க்குச் சொல்லுங்கள். பழைய இரும்புக்காரனுக்கு எடைக்குப் போட்டால் நாலு காசு வருமே என்று ஆசைப்பட வேண்டாம்.

பிள்ளைகளை வேலைக்கு ஏவுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆலையிலோ, மருந்தடிக்கும் ஸ்டோரிலோ, சொந்தக் கொல்லையிலோ, ஒருவன் கையில் ஒரு சாமானைக் கொடுக்கும்போது அதில் உள்ள ஆபத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். அந்தத் தகர டின்னைக் கொடுத்தபோது, “இதில் இரண்டு வெடிக்காதவை” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?